மூன்று முறை செத்த நீர்நாயும் நூறு மூங்கில் குழாய்களும்

ஒரு காட்டில் ஒரு யானை இருந்தது. காடு என்றால் யானை இருக்கத்தானே செய்யும், இதில் என்ன அதிசயம் என்று எழுந்து போய்விடாதீர்கள். இந்த யானையை யாரும் பார்த்ததே இல்லை. அதுதான் அதிசயம்.

யானைக்கு மலையாண்டி என்று பெயர். காட்டுக்கு நடுவே ஒரு குகைக்குள் உட்கார்ந்திருந்தது. எப்போது தண்ணீர் திறப்பது, எந்த மரத்துப் பழத்தை யார் தின்பது, எந்தப் பாதையில் யார் முதலில் போவது, எல்லாம் அது சொன்னால்தான். குகைக்குள் போக ஒருவருக்கும் அனுமதி கிடையாது. பேச வேண்டுமானால் குகைச் சுவரில் செருகியிருந்த நூறு மூங்கில் குழாய்களில் காலியாக இருப்பதைத் தேடி வாயை வைக்க வேண்டும். உள்ளேயிருந்து யானை கேட்கும். அத்தனை பெரிய காதை வைத்துக்கொண்டு குழாய் எதற்கு என்று ஒரு முயல் கேட்டது. அதன் கேள்வியை எடுத்துக்கொண்டிருப்பதாகவும் பதில் வரும் வரை நகரக் கூடாது என்றும் சொல்லிவிட்டார்கள். அது இன்னும் அங்கேதான் நிற்கிறது.

இந்த ஏற்பாட்டைக் கொண்டுவந்தது இருளப்பன் என்ற காகம். பட்டணத்தில் ஒரு கம்ப்யூட்டர் கம்பெனியின் ஏசி பெட்டி மேல் இரண்டு வருஷம் கூடு கட்டி வாழ்ந்த காகம் அது. ஜன்னல் வழியாகப் பார்த்தே தொழில் முழுவதையும் கற்றுக்கொண்டதாகச் சொன்னது. காட்டுக்குத் திரும்பிய அன்றே யானைக்குக் 'கெர்னல்' என்று பட்டம் கொடுத்தது; கம்ப்யூட்டருக்குள் கண்ணில் படாமல் உட்கார்ந்து எல்லாவற்றுக்கும் உத்தரவு போடுவதற்கு அதுதான் பெயராம். கண்ணில் படாமல் வேலை பார்க்கிற முந்நூறு பேருக்கு, அதாவது சாணி உருட்டும் வண்டுகள், விதை போடும் வௌவால்கள், மண் கிளறும் புழுக்கள் எல்லாருக்கும், 'டீமன்' என்று பட்டம் கொடுத்தது.

குளத்து மதகைப் பார்த்துக்கொள்ளும் நீர்நாய் கெண்டையம்மாள் இதைக் கேட்டு முகம் சுளித்தாள். (மற்ற மிருகங்களை எல்லாம் 'அது' என்றுதான் சொல்லப் போகிறேன். இவளை அப்படிச் சொல்ல எனக்கு மனசு வரவில்லை.)

"டீமன்னா பேய்தானே, காக்கா சார்?"

"பேய்தான். ஆனா யாரையும் பயமுறுத்தாது. பின்னாடி இருந்துகிட்டு ராப்பகலா வேலை பாக்கும். ஒருத்தரும் நன்றி சொல்ல மாட்டாங்க."

"அப்ப எங்களையேதான் சொல்றீங்க. சரி."

காகம் இன்னொரு சட்டமும் போட்டது. ஒவ்வொரு டீமனும் காலை, மத்தியானம், மாலை என்று மூன்று வேளையும் குழாய் வழியாக 'உயிரோடு இருக்கேன்' என்று யானைக்குச் சொல்ல வேண்டும். யானை அதைக் குகை வாசலில் உட்கார்ந்திருக்கும் செந்நாய்க்குச் சொல்லும். சிவந்தியப்பன் என்ற அந்தச் செந்நாய் மரப்பட்டையில் பெயருக்கு நேரே ஒரு கீறல் போடும். ஒரு வேளை கீறல் விழவில்லை என்றால் அந்த டீமன் செத்துவிட்டதாகப் பொருள். ஒரே ஆள் மூன்று முறை செத்தால் வேலையும் போகும், வேலையோடு கொடுத்த வீடும் போகும்.

சட்டம் வந்த முதல் வாரத்திலேயே குழப்பமும் வந்தது. காலையில் எல்லாம் ஜோராக நடக்கும். வெயில் ஏறும்போது நூறு குழாயும் அடைத்துக்கொள்ளும். எதில் வாயை வைத்தாலும் உள்ளேயிருந்து யானை, "இது வேற ஒருத்தர் லைன். வேற குழாய்க்குப் போ" என்று மட்டும் சொல்லும். வேறு குழாய்க்குப் போனால் அங்கேயும் அதே பதில். குகையைச் சுற்றி வரிசை வளரும். வரிசையில் நிற்கிறவர்கள் நின்ற இடத்திலேயே செத்துப்போவார்கள். செந்நாயின் பட்டைக் கணக்கைத்தான் சொல்கிறேன்.

காகத்திடம் இதற்கு ஒரு வைத்தியம் இருந்தது. "காட்டை மூடித் திற!" என்று கத்தும். உடனே மொத்தக் காடும் கண்ணை மூடிக்கொண்டு அவரவர் வீட்டுக்குப் போய்ப் படுத்து, மறுபடி எழுந்து வர வேண்டும். குழாய்கள் நூறும் காலியாகிவிடும். இதில் ரொம்பவும் நொந்துபோனது புலி. மூன்று மணி நேரம் புதரில் ஊர்ந்து, மான் மேல் பாய்ந்து, பல் படப் போகிற சமயத்தில் 'மூடித் திற' என்று சத்தம் வரும். புலி கண்ணை மூடிக்கொண்டு குகைக்கு நடக்கும். மானும் கண்ணை மூடிக்கொண்டு, அதற்கு வழிகாட்டிக்கொண்டு, பக்கத்திலேயே நடக்கும். ஒரு மாதத்தில் புலி இளைத்து, வரி மட்டும் மிச்சமாயிற்று.

கெண்டையம்மாள் முதல் முறை செத்தது ஒரு செவ்வாய்க்கிழமை. வரிசையில் நேரம் முடியும் வரை நின்று பார்த்துவிட்டு நேராகச் செந்நாயிடமே போனாள்.

"அண்ணாச்சி, நான்தான் உங்க கண்ணு முன்னாடி நிக்கிறேனே!"

"நிக்கிறது வேற, உசுரோட இருக்கிறது வேற. குழாய் வழியா வந்தாத்தான் உசுரு."

"வேணும்னா தொட்டுப் பாருங்க. ஈரமா, சூடா இருக்கேன்."

செந்நாய் நல்ல பிராணிதான். தொட்டுப் பார்த்தது. "சூடாத்தான் இருக்கு தாயி. ஆனா தொடுறதுக்கு இந்தப் பட்டையில இடம் விடலையே" என்று உண்மையிலேயே வருத்தப்பட்டது.

செத்தவர்களுக்கு முறைப்படி காகத்துக்குப் படையல் வைக்க வேண்டும் அல்லவா? அந்த முறையைக் காகம் விட்டுக்கொடுக்கவில்லை. கெண்டையம்மாள் தன் சாவுக்குத் தானே நாலு கெளுத்தி பிடித்துக் கொண்டுபோய் வைத்தாள். காகம் ரசித்துச் சாப்பிட்டுவிட்டு, அவள் ஆத்மா சாந்தியடைந்துவிட்டதாக அவளிடமே சொன்னது. இரண்டாம் முறை செத்தபோது விரால் கேட்டது.

இப்போது அவளுக்கு மிச்சம் இருந்தது ஒரு சாவு. குளத்தங்கரை வளையில் கண் திறந்து பத்து நாள்கூட ஆகாத மூன்று குட்டிகள் இருந்தன. இன்னும் நீந்தத் தெரியாது. வளை போனால் அவற்றை எங்கே வைப்பாள்? முதலை அடுத்த கரையில் வாயைத் திறந்தபடி குட்டிகளைப் பற்றி மிகவும் அன்பாக விசாரித்துக்கொண்டிருந்தது. கெண்டையம்மாள் பயந்து போனாள். அந்தப் பயத்தில் காகத்திடம் போய்க் காலில் விழாத குறையாகக் கேட்டாள்.

"குழாய் ஏன் அடைக்குதுன்னு கண்டுபிடிச்சுச் சொல்லுங்க, காக்கா சார்."

காகம் வந்து ஒரு குழாயைத் தட்டியது. இன்னொரு குழாயைத் தட்டியது. அலகைச் சாய்த்து வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் யோசித்தது.

"எங்க கம்பெனியில நல்லாத்தான் ஓடுச்சு" என்றது கடைசியில்.

"அது கம்பெனி. இது காடு."

"அதான் பிரச்சினை. காட்டுலதான் கோளாறு. சரி, யார் என்ன பேசுறாங்கன்னு பதிவு பண்ணிப் பாத்துருவோம்."

குழாய்க்கு ஒன்றாக நூறு கிளிகள் வேலைக்கு வந்தன. குழாயில் பேசுவதையெல்லாம் கிளி கேட்டு, அப்படியே ஒப்பிக்க வேண்டும். ஒப்பிப்பது எங்கே? யானையிடம்தான். எப்படி? குழாய் வழியாகத்தான். முன்பு வெயில் ஏறும்போது அடைத்துக்கொண்டிருந்த குழாய்கள் இப்போது காடு பல் துலக்கும்போதே அடைத்துக்கொண்டன.

"பாத்தீங்களா?" என்று காகம் இறக்கையை அடித்துக்கொண்டது. "முன்னாடி பிரச்சினை வர்றதுக்கு அரை நாள் காத்திருக்கணும். இப்ப உடனே வருது. எவ்வளவு பெரிய முன்னேற்றம்!"

கிளிகள் ஒப்பித்ததை எல்லாம் காகம் நாள் முழுக்கக் கேட்டது. எல்லாம் ஒரே மாதிரி. 'ஐயா, வணக்கம். மதகு திறக்கலாமா?' 'திற.' 'சரிங்க ஐயா, போயிட்டு வரேன்.' 'ஐயா, வணக்கம். உயிரோடு இருக்கேன்.' 'நல்லா இரு.' 'போயிட்டு வரேன் ஐயா.' நாலாயிரம் வரி கேட்டபின், மரியாதைக்கு ஒரு குறையும் இல்லை என்று காகம் அறிக்கை கொடுத்தது. வண்டுகளின் உச்சரிப்பு மட்டும் சரியில்லை என்று சந்தேகப்பட்டது.

மறுநாள் விடியற்காலையில் மதகு கேட்டுவிட்டுப் போன கெண்டையம்மாள் கீறலுக்காக வரிசைக்குத் திரும்பியபோது குழாய்கள் ஏற்கனவே அடைத்துவிட்டிருந்தன. காலைக் கீறலுக்கு நேரம் ஓடிக்கொண்டிருந்தது. மற்றவர்கள் ஒரு குழாயைப் பார்த்து, இரண்டு குழாயைப் பார்த்து, வழக்கம்போலப் பெருமூச்சு விட்டு உட்கார்ந்தார்கள். அவளால் உட்கார முடியவில்லை. குட்டிகள் கண் முன்னால் நின்றன. வரிசையைப் பிளந்துகொண்டு ஓடினாள். முதல் குழாய், "வேற ஒருத்தர் லைன்." இரண்டாவது, "வேற ஒருத்தர் லைன்." இருபது, நாற்பது, அறுபது. திட்டினார்கள், வாலைப் பிடித்து இழுத்தார்கள், ஒரு முள்ளம்பன்றி குத்தியேவிட்டது. நிற்கவில்லை. எழுபத்துமூன்றாவது குழாயில் வாயை வைத்தாள்.

"அட, வா கெண்டையம்மா!" என்றது யானை. "விடியக்காலையில மதகு கேக்க வந்துட்டு, போயிட்டு வரேன்னு போனவ. இப்பத்தான் வர்றியா?"

முதலில், "உயிரோடு இருக்கேன் ஐயா!" என்று அவசரமாகக் கத்தினாள். குகை வாசலில் செந்நாய் கீறல் போடும் சத்தம் கேட்ட பிறகுதான் உயிர் வந்தது. பிறகு கேட்டாள்.

"ஐயா, எனக்காகவா இந்தக் குழாயை வச்சுக்கிட்டு உக்காந்திருக்கீங்க?"

"ஆமா. வரேன்னு சொன்னியே. நீ வர்ற நேரத்துல வேற ஆள் பேசிக்கிட்டு இருந்தா நல்லாவா இருக்கும்?"

"மத்த குழாய் எல்லாம்?"

"எல்லாத்துலயும் அப்படித்தான். நூறு பேரு வரேன்னு சொல்லிட்டுப் போயிருக்காங்க. வந்துருவாங்க. நம்ம காட்டுல யாரும் பொய் சொல்ல மாட்டாங்க."

அவளுக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. நம் ஊரில் யார்தான் 'போகிறேன்' என்று சொல்லிவிட்டுப் போகிறார்கள்? சாவு வீட்டைத் தவிர எல்லா வீட்டிலும் 'போயிட்டு வரேன்'தான். பஸ் கண்டக்டரிடம்கூடச் சொல்கிறோம். கண்டக்டர் நமக்காக அந்த சீட்டைக் காலியாக வைத்திருப்பதில்லை. இந்த யானை வைத்திருந்தது. நூறு சீட்டையும் வைத்திருந்தது.

சுயநலக்காரியாக இருந்தால் எழுபத்துமூன்றை நினைவில் வைத்துக்கொண்டு கமுக்கமாகப் போயிருப்பாள். ஆனால் இருப்பது நூறு குழாய், ஆட்கள் முந்நூறு. தவிர, காகம் மறுபடி மூடித் திறந்தால் எழுபத்துமூன்று யாருக்குப் போகுமோ? அவள் குழாயை விட்டு நகராமல் எல்லாரையும் கூவிக் கூப்பிட்டாள். விஷயத்தைச் சொன்னாள். காகம் உடனே, தானும் அதைத்தான் சொல்ல வந்ததாகச் சொன்னது.

"யானைகிட்டச் சொல்லிருவோம்" என்றது ஒரு வண்டு. "அது சும்மா ஒரு பேச்சுக்குச் சொல்றதுன்னு."

கெண்டையம்மாள் சொன்னாள்.

"பேச்சுக்கா?" என்றது யானை. "அப்ப மதகு திறக்கட்டுமான்னு கேட்டியே, அது? வணக்கம்னு சொன்னியே, அது? எது பேச்சு, எது நிஜம்னு நான் எப்படித்தான் கண்டுபிடிக்கிறது?"

"யானை மேல கை வைக்காதீங்க!" என்று காகம் பதறியது. "ஒரு இடத்துல திருத்தினா ஒம்பது இடத்துல உடையும். பட்டணத்துலயே யாரும் தொட மாட்டாங்க. நாமதான் வேற மாதிரி சொல்லணும்."

ஆளாளுக்குத் தங்கள் குழாயைத் தேடிப் பிடித்து முயன்றார்கள். ஒரு வௌவால், "கிளம்புறேன் ஐயா" என்றது. "நல்லபடியா கிளம்பு. எப்ப வருவே?" என்றது யானை. மண்புழு, "உத்தரவு வாங்கிக்கிறேன்" என்றது. "எந்த உத்தரவு? நான் இன்னும் ஒண்ணும் போடலையே" என்று யானை குழம்பியது. வண்டு ஒன்றுமே சொல்லாமல் நழுவிப் பார்த்தது. "ஹலோ… ஹலோ… சத்தத்தைக் காணோம்… இருக்கியா?" என்று யானை மத்தியானம் வரை கேட்டுக்கொண்டே இருந்தது.

மிச்சம் இருந்தது ஒரே ஒரு சொல். அதை யாரும் வாயால் சொல்ல மாட்டேன் என்றார்கள். மண்புழு தன் பரம்பரையில் யாரும் அப்படிச் சொன்னதில்லை என்றது. முள்ளம்பன்றி காதைப் பொத்திக்கொண்டது. "உயிரோட இருக்கிறவ சொல்ற வார்த்தையா அது?" என்று வயதான வௌவால் அழவே ஆரம்பித்துவிட்டது.

குளத்துப் பக்கமிருந்து குட்டிகள் பசியில் கீச்சிடுவது கேட்டது. கெண்டையம்மாள் குழாயில் வாயை வைத்தாள்.

"ஐயா, நான் போறேன்."

"போயிட்டு?"

"போயிட்டு ஒண்ணும் இல்ல ஐயா. போறேன். அவ்வளவுதான்."

"திரும்ப வர மாட்டியா?"

"மாட்டேன்."

குழாய்க்குள் தும்பிக்கையை உறிஞ்சும் சத்தம் கேட்டது. பிறகு 'டப்' என்று ஒரு சத்தம். எழுபத்துமூன்றாம் குழாய் திறந்துவிட்டது! காலியான குழாயில் வண்டு போய் வாயை வைத்தது. "வணக்கம், சொல்லு" என்றது யானை. அவ்வளவுதான், காடே கூத்தாடியது. கிளிகள் அந்தச் சொல்லையே நூறு தடவை கூவின. காகம் கீழே இறங்கி, வாழ்த்துகளை ஏற்றுக்கொள்ள ஆரம்பித்தது.

குகை வாசலில் யானையின் குரல் கேட்டது. "சிவந்தியப்பா, நம்ம கெண்டையம்மா போயிட்டாளாம்ப்பா. திரும்பவே மாட்டாளாம். அவளே சொல்லிட்டா."

செந்நாய் பட்டையில் மூன்றாவது சாவுக்கான கோட்டைப் போட்டுப் பெயரை அடித்தது.

கூத்து நின்றது. எல்லாருடைய உயிரையும் காப்பாற்றப் போய்த் தன் கடைசி உயிரைக் கெண்டையம்மாளே வாயால் கொடுத்துவிட்டாள். எனக்கே இந்த இடத்தைச் சொல்லும்போது ஆத்திரமாக வருகிறது. அவள் குளத்துக்கு நடந்தாள். பின்னாலேயே செந்நாய், வளையைக் காலி செய்யும் நோட்டீஸை வாயில் கவ்விக்கொண்டு நடந்தது. அதன் பின்னாலேயே காகம், இந்தத் தடவை அயிரைக் குழம்பாக இருந்தால் நல்லது என்று நினைத்துக்கொண்டு பறந்தது.

கெண்டையம்மாள் வளைக்குள் போய்க் குட்டிகளை மடியில் போட்டுக்கொண்டாள். வெளியே செந்நாய் தொண்டையைக் கனைத்தது.

"உள்ள யாரு?"

அவள் யோசித்தாள். உண்மையைத்தான் சொல்ல வேண்டும் என்று பட்டது.

"யாரும் இல்ல அண்ணாச்சி. நான் செத்துட்டேன்."

"நோட்டீஸ் குடுக்கணுமே. கைநாட்டு வாங்கணும்."

"செத்தவங்க கைநாட்டுப் போட்டா உங்க பட்டையில செல்லுமா?"

செந்நாய் உட்கார்ந்து யோசித்தது. செல்லாது. உயிரோடு இருக்கிறவரிடம்தான் நோட்டீஸ் கொடுக்க முடியும். இங்கே உயிரோடு இருக்கிறவர் யாரும் இல்லை என்று பட்டையில் அதன் கையாலேயே எழுதியிருக்கிறது. கூட இருக்கிற குட்டிகள் இன்னும் பட்டையில் ஏறவே இல்லை. இல்லாத ஆளை, இல்லாத குட்டிகளோடு எப்படி வெளியேற்றுவது?

"அப்ப வீடு காலியாத்தான் இருக்கு" என்று நிம்மதியோடு முடிவுக்கு வந்தது. "வேலை சுளுவா முடிஞ்சுது. சரி தாயி, போயிட்டு வரேன்."

"வராதீங்க அண்ணாச்சி" என்றாள் கெண்டையம்மாள்.

படையல் என்ன ஆயிற்று என்று காகம் கேட்டது. படையல் வைக்க உயிரோடு இருக்கிற சொந்தக்காரர் வேண்டும் என்று வளைக்குள்ளிருந்து பதில் வந்தது. காகம் அலகை மூடிக்கொண்டு போயிற்று.

மறுநாள் காலை கெண்டையம்மாள் குழாய்ப் பக்கமே போகவில்லை. உயிரோடு இருப்பதாக யாரிடமும் சொல்ல வேண்டிய வேலை இல்லை. மதகைத் திறக்கட்டுமா என்று கேட்க வேண்டியதும் இல்லை. இத்தனை நாளில் யானை ஒரு தடவையாவது 'வேண்டாம்' என்று சொன்னதுண்டா? தண்ணீர் ஏறியதும் திறந்தாள், இறங்கியதும் மூடினாள். மத்தியானத்துக்குள் எல்லாம் முடிந்து, குட்டிகளுக்கு நீச்சல் சொல்லிக் கொடுக்க ஆரம்பித்தாள். கீழ்க்காட்டுக்கு மூன்று மாதத்தில் முதல் முறையாக நேரத்துக்குத் தண்ணீர் போயிற்று.

இதை வண்டு பார்த்தது. வௌவால் பார்த்தது. முதல் நாள் காதைப் பொத்திக்கொண்ட முள்ளம்பன்றியும் பார்த்தது. அடுத்த நாள் விடிகிறபோது குகையைச் சுற்றி வரிசை நின்றது. இத்தனை நீளமான வரிசையைக் காடு அதுவரை கண்டதில்லை. ஒவ்வொருவராகக் குழாயில் வாயை வைத்து, "ஐயா, போறேன்" என்றார்கள். ஒரு தடவை சொன்னால் ஒரு சாவுதான் கணக்காகும் என்பதால், கையோடு மூன்று தடவை சொல்லிவிட்டு வந்தார்கள். டப், டப், டப் என்று குழாய்கள் திறந்துகொண்டே இருந்தன. பரம்பரைப் பெருமை பேசிய மண்புழு மட்டும் சொல்வதா வேண்டாமா என்று சாயங்காலம் வரை தயங்கியது. பிறகு அதுவும் சொல்லிவிட்டு, வாயைக் கழுவிக்கொண்டது.

காகம் அன்றே கடைசி அறிக்கையை எழுதியது. குழாய்கள் நூறு. காலி நூறு. காத்திருப்போர் யாரும் இல்லை. புகார் ஒன்றும் இல்லை. கோளாறு முழுமையாகச் சரிசெய்யப்பட்டது.

ஒரு வாரம் கழித்து யானை குகைக்குள்ளிருந்து செந்நாயைக் கூப்பிட்டது.

"சிவந்தியப்பா, இப்பல்லாம் யாரும் பேசுறதே இல்லையே. காட்டுல தண்ணி ஓடுதா?"

"நேரத்துக்கு ஓடுதுங்க."

"சாணி?"

"உருட்டியாச்சுங்க. தரை பளிச்சுனு இருக்கு."

"விதை?"

"எட்டு மலைக்கும் போட்டாச்சுங்க. காடு இப்படிச் செழிச்சு நான் பாத்ததில்ல."

"இதெல்லாம் யாருப்பா செய்யறாங்க?"

செந்நாய் பட்டையை ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை தடவிப் பார்த்தது. "யாரும் இல்லீங்க ஐயா. எல்லாரும் செத்துட்டாங்க."

யானை தும்பிக்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டது.

"தங்கமான ஆளுங்கப்பா" என்றது. "இருந்த காலத்துல ஒருத்தனாவது இப்படி வேலை பாத்தானா?"

நீதி: உயிரோடு இருப்பதாக மூன்று வேளையும் நிரூபிக்கிறவனுக்கு வேலை செய்ய நேரம் கிடைக்காது. ஆகவே வேலையில் அக்கறை உள்ளவர்கள் முதலில் செத்துவிடவும். அதற்கு மட்டும் வரிசை வேகமாக நகர்கிறது.